பிரபுவின் சாவுக்கு ஒரு சொல்

சாய் குவான், வயது இருபத்திமூன்று, மியான்மரின் ஷான் மலைக்காரன். இப்போது தாய்லாந்தில், லாம்பாங்கில், பழைய பிரபு ஒருவரின் தேக்கு மாளிகையில் தரை துடைக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பாளர் கன்லயா அக்கா கையெழுத்துப் போட்டால்தான் வேலை அனுமதி நீளும். இல்லையென்றால் எல்லையைத் தாண்டிப் போய், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பவர்களிடம் மாட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அக்கா பல் பிடுங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து வேனில் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்கியது.

"தம்பி, மாளிகைக் கதை சொல்ல யாரும் இல்லையா?"

"அக்கா வந்துடுவாங்கம்மா."

"உனக்கு வாய் இல்லையா? தினமும் கேக்கறவன்தானே, நீயே சொல்லு."

சொன்னான். எழுபது தூண்களையும் யானைகள் இழுத்து வந்தன. பிறகு காடு பாங்காக் மன்னரின் கைக்குப் போனது, வரி போனது, தீர்ப்புச் சொல்லும் உரிமையும் போனது. பிரபுவுக்கு மிஞ்சியது மாதப்படியும் இந்த மாடி அறையும்தான். கீழே அரசாங்க ஆபீஸ் வந்து உட்கார்ந்த பிறகும் மேலேயே கிடந்தார். கடைசியில் இதே கட்டிலில்...

அவனுக்கு நாக்கு புரளவில்லை. இங்கே சாவுக்கும் அந்தஸ்துக்கு ஏற்றபடி படிப்படியாகச் சொல் உண்டு. தாழ்த்திச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், தெரிந்ததிலேயே உயரமானதை எடுத்தான்.

"சொர்க்கம் எழுந்தருளினார்."

தொப்பிக்காரர் ஒருவர் கைதட்டிச் சிரித்தார். "அடேயப்பா, பிரபுவுக்கு முடியே சூட்டிட்டான்! அது மன்னருக்கு மட்டும்டா. இவரு வீரர் உலகம் சேர்ந்தாரு." பக்கத்திலிருந்த பெண்ணின் போன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கன்லயா வீங்கிய கன்னத்தோடு வந்தாள்.

"யாருடா உன்னை வாயைத் திறக்கச் சொன்னது?"

"மரியாதை குறைஞ்சிடக் கூடாதேன்னுதான் அக்கா..."

"கூடிப்போச்சே! குறைஞ்சிருந்தா, தெரியாத பயன்னு விட்டிருப்பாங்க. இப்ப, துடைக்க வந்தவன் வழிகாட்டி வேலை எப்படிப் பார்த்தான்னு மேலிடத்துல கேக்கறாங்க. வெளிநாட்டுக்காரன் அதைச் செய்யவே கூடாதுன்னு சட்டம். கையெழுத்துப் போட்டா நானும் வீட்டுக்குத்தான்."

"திரும்பிப் போனா கையில துப்பாக்கியக் குடுத்துடுவாங்க அக்கா."

"தெரியும்டா." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பக்கெட்டை வச்சிட்டுப் போ."

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து போனை வாயருகே பிடித்தான். அவன் சொல்லச் சொல்ல அது எழுத்தாக்கிக்கொண்டே போனது.

"அம்மா, வேலை போச்சு. அனுமதிச் சீட்டும் இனி கிடைக்காது. எங்க போறதுன்னு தெரியல. இதை அம்மாவுக்கு யார் படிச்சுக் காட்டினாலும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கற பட்டியல்ல என் பேரு இன்னும் இருக்கான்னு பார்த்து எழுதுங்க."