கருப்பு டேப்

ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து மார்லா மறுபடி இழுத்தாள். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக் காருக்கு அடியில் போட்டு, மல்லாந்து படுத்திருந்தாள். எஞ்சின் புகையை அளக்கும் பழைய ஆக்ஸிஜன் சென்சார் சைலன்சர் குழாயோடு ஒட்டிக்கொண்டு அசைவேனா என்றது. பதின்மூன்று குளிர்காலங்களாகப் பனி உருக ஒஹையோ சாலைகளில் கொட்டிய உப்பு முழுவதும் அதன் மரையில்தான் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

வண்டியை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே, முன்னறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அப்பா வெர்லின் கிடந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. காலையில் வந்த நர்ஸ் மார்லாவை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னிக்கு, இல்லேன்னா நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நியாயமாக அவள் அந்தக் கட்டிலோரம் இருக்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்ததே அதற்காகத்தான். அப்பா விட்டால்தானே.

மூன்று வருஷத்துக்கு முன்பு காரின் டாஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிய ஆரம்பித்தது. சென்சார் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். "நல்லா ஓடுற வண்டிக்கு லைட் ஒரு கேடா?" என்று அதன்மேல் கருப்பு டேப் ஒன்றை ஒட்டினார். அந்தத் தெருவில் பாதிக் கார்களில் இந்த வைத்தியம்தான். இப்போது, வண்டி இனி மனைவி நோரீன் கைக்குப் போகப்போகிறது என்றானதும் மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது.

"உங்கம்மாவுக்கு டேப் விஷயம் தெரியாது. தெரியறதுக்குள்ள மாத்திடு" என்றார் காலையில், குரலைத் தாழ்த்தி. அவருக்கு இருந்ததே தாழ்ந்த குரல்தான்.

சூடானால்தான் மரை இளகும் என்று பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டபோது, "புகை வரும்ப்பா, ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"இனிமே புகை என்னை என்ன பண்ணிடும்? திறந்தே இருக்கட்டும். எனக்குச் சத்தம் கேக்கணும்."

உதிரிபாகக் கடையில் இரவல் வாங்கிய ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கி, முழங்கை குழாயில் பட்டுச் சுட்டது. மார்லா வாய்விட்டுத் திட்டினாள். மூன்றாம் தடவை காலை டயரில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். பன்றி கத்துவதுபோல ஒரு சத்தம்.

ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது. "வந்துடுச்சான்னு கேக்கறாரு!"

"வந்துடுச்சுன்னு சொல்லு!"

புதியதைக் கையால் திருகி, ஸ்பேனரால் இறுக்கி, வயரைச் சொருகினாள். காரைக் கிளப்பி டேப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவள் உள்ளே போனபோது அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு?"

"அணைஞ்சிடுச்சுப்பா."

அவர் ஒரு கண்ணை மட்டும் சுருக்கினார். "புளுகாத. மூணு நாளாவது ஓட்டினாத்தான் அது அணையும்." மூச்சு வாங்க நிறுத்தினார். "சும்மா நிக்க வெச்சுடாதீங்க. ஓட்டுங்க."

"சரிப்பா."

"போய்க் கையைக் கழுவு. கட்டிலெல்லாம் கிரீஸ் ஆக்காத."

அவர் கையைப் பிடிக்கத்தான் நீட்டியிருந்தாள். பின்னுக்கு இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். மணல் கலந்த சோப்பைப் போட்டு நகக்கண்ணெல்லாம் தேய்த்தாள். கிரீஸ் லேசில் போவதாயில்லை. குழாயை மூடியபோது வீடு வேறு மாதிரி இருந்தது. மெஷின் உறுமல் இல்லை. ஓடிவந்தாள். அம்மா மெஷின் ஸ்விட்சின்மேல் கைவைத்தபடி நின்றிருந்தாள்.

"கண்ணை மூடினாரு, அப்படியே..." என்றாள் அம்மா.

கிரீஸோடு பிடித்திருந்தால்தான் என்ன? போர்வை அழுக்கானால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? மார்லாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

அடுத்த மூன்று நாளும் கார் நிற்கவே இல்லை. அப்பாவின் கோட்டை ஈமக்கிரியை இல்லத்தில் கொடுக்க, பூக்கடைக்கு, பாதிரியாரைப் பார்க்க, தம்பி கர்டிஸை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர. முதல் இரண்டு நாள் சாயங்காலமும் அம்மா இறங்கிப்போன பிறகு மார்லா டேப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு நாளும் மஞ்சள். மூன்றாம் நாள் அடக்கம். அன்று அவள் பார்க்கவில்லை. பானெட்டில் சவ ஊர்வலத்துக்கான ஊதாக் கொடி குத்தி, பட்டப்பகலில் ஹெட்லைட் போட்டு, சவ வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போனார்கள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. கர்டிஸ் சித்தப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டான். மார்லா எஞ்சினைக் கிளப்பினாள். கியரைப் போடக் கை வரவில்லை.

பக்கத்து சீட்டிலிருந்து அம்மா எட்டி, நகத்தால் டேப்பை உரித்தாள்.

"அம்மா!"

"என்ன அம்மா? மூணு வருஷமா இந்த வண்டியில தூசி தட்டறது யாரு? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருந்தாரு உங்கப்பா. போகட்டும்னு விட்டுட்டேன்."

டேப் இருந்த இடம் இருட்டாக இருந்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்த இடத்தையே பார்த்தார்கள்.

"மூணு நாள்னு சொன்னாரு" என்றாள் மார்லா.

அம்மா விரலில் ஒட்டியிருந்த டேப்பைப் பழைய இடத்திலேயே வைத்து, நான்கு ஓரமும் படியும்படி கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.