'இந்தா' என்றால் ஓடு

அன்று அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள்: கோச்சக்கா, வேன் ஓட்டும் அவளுடைய தம்பி, வெடி, சிட்டு, ஊமை, கொக்கு என்று பட்டப்பெயர் வாங்கிய நாலு பெண்கள், விளையாட்டு மன்றத்துச் செயலாளர், அப்புறம் மழை. மழையை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால், மற்ற எல்லாரையும்விட அதிகம் பேசியது அதுதான். முந்தின நாள் விடியுமுன் வாயைத் திறந்தது. இன்னும் மூடவில்லை.

கோடை முகாமுக்கு வந்த மற்ற பிள்ளைகளை அவரவர் வீட்டார் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தொடர் ஓட்டக் குழுவின் நான்கு பெண்கள் மட்டும் போகவில்லை. போகவில்லை என்ன, கோச்சக்கா விடவில்லை. நாலு வீட்டுக்கும் அவளே போன் போட்டு, "பொழுது சாயறதுக்குள்ள என் தம்பி வேன்ல வாசல்லயே இறக்கி விடுவான்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். இன்று வருகிற முறை. மற்ற மூன்று பேருக்கும் அடுத்த வருடம் உண்டு. கொக்குக்கு வயது தாண்டிவிடும். விடுதி கிடைத்தால் படிப்பும் ஓட்டமும் ஓரிடத்தில் நடக்கும். கிடைக்காவிட்டால் அத்தையின் தையல் கடையில் பட்டன் வைக்கப் போவாள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலுக்கு அங்கே வேலை இல்லை.

காலையில் தேர்வாளர் போன் செய்தார்.

"மைதானம் எப்படி இருக்கு மேடம்?"

"படகு விடலாம் சார்."

"அப்ப நான் என்னத்தப் பாக்கறது? எப்படியும் அந்த வழியாத்தான் போறேன். மழையால நடக்கலன்னு ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போயிடறேன்."

"வாங்க சார்," என்றாள் கோச்சக்கா. அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. பேசினால் வராமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். கையெழுத்துப் போடவாவது வரட்டும். ஆள் வாசலுக்கு வந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டடத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது ஒரே ஓர் இடம்தான். அறைகளை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போகும் நடை. மூன்று ஆள் தோளோடு தோள் நின்றால் அடைத்துக்கொள்ளும் அகலம். மேலே தகரக் கூரை. கடைசியில் சுவர். வேகமாக ஓடி வருகிறவள் அந்தச் சுவரில் போய் அப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

"மெத்தையெல்லாம் தூக்கு," என்றாள் தம்பியிடம்.

முகாம் பிள்ளைகள் படுத்த மெத்தைகள் ஒவ்வொன்றாக வந்து சுவரோரம் நின்றன. தம்பிக்கு மூச்சு வாங்கியது.

"ஏங்க்கா, நீ ஓட்டப் பந்தயம் நடத்தறியா, வீடு மாத்தறியா?"

"வாயில ஓடாத. அந்த மூலையப் பிடி."

"உனக்குத் தம்பியாப் பொறந்ததுக்கு அந்த மெத்தையாவே பொறந்திருக்கலாம். எப்பவாவது ஒரு தடவதான் இடி வாங்கும்."

சத்தம் கேட்டுச் செயலாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இது என்ன கூத்து? மழைன்னா முகாம் ரத்துன்னு விதியே இருக்கு."

"மைதானத்துல மழைன்னாதானே சார் ரத்து? இது மைதானமா?"

"மைதானம் இல்ல, அதத்தான் நானும் சொல்றேன். இது நடை. நடக்கறதுக்கு."

"கொஞ்சம் வேகமா நடப்பாங்க சார்."

வெடி களுக்கென்று சிரித்தாள். செயலாளர் அவளை முறைத்தார். "புதுசாப் போட்ட தரை. எவளாவது வழுக்கி விழுந்து பல்ல உடைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான்."

செயலாளர் கையை உதறினார். "நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவை மட்டும் ஒரு கண் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டார்.

தம்பி தரையைத் துடைத்தான். பெண்கள் காலுறைகளைக் கழற்றி வெறுங்காலோடு நின்றார்கள். கோச்சக்கா சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

"இங்க முழு ஓட்டம் ஓட முடியாது. கட்ட மாத்தறத மட்டும் காட்டலாம். பாக்கத் தெரிஞ்சவனுக்கு அது போதும். கால் எல்லா ஊர்லயும் இருக்கு. தொடர் ஓட்டம் தோக்கறது கையாலதான்."

கைமாற்றி ஓடும் குச்சியை, பேட்டனை, அவர்கள் கட்டை என்றுதான் சொல்வார்கள். பின்னால் ஓடி வருகிறவள் "இந்தா!" என்று கத்த வேண்டும். முன்னால் நிற்பவள் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டி, கட்டை விழுந்ததும் பறக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதில் மூன்று பேர் தேறிவிட்டார்கள். கடைசி ஆளான கொக்குதான் திரும்புவாள். முகாம் தொடங்கிய நாளிலிருந்து அதே வியாதி. பெயருக்கு ஏற்ற கழுத்து. கூப்பிட்டால் தானாக வளையும்.

முதல் தடவை திரும்பினாள். இரண்டாம் தடவை திரும்பினாள். மூன்றாம் தடவை திரும்பவில்லை, நகரவும் இல்லை. சிட்டு கட்டையோடு வந்து அவள் முதுகில் மோதினாள்.

"கத்தினேன்டி!"

"கேக்கலடி!"

"காதுல பஞ்சா வெச்சிருக்க?"

"உன் தொண்டைலதான் பஞ்சு!"

தகரத்தின்மேல் மழை இரைந்துகொண்டிருந்தது. சிட்டின் குரல் சிட்டுக்குருவிக் குரல். அந்த இரைச்சலில் அது கரைந்து போனது. கோச்சக்கா யோசித்தாள். பிறகு ஊமையைக் கூப்பிட்டாள். ஊமை ஊமையில்லை. கேட்ட கேள்விக்குத் தலையாட்டலிலேயே பதில் சொல்கிறவள், அதனால் அந்தப் பெயர்.

"இனிமே மூணாவது நீ. எங்க, ஒரு 'இந்தா' சொல்லு."

ஊமை மூச்சை இழுத்தாள். வந்தது பாருங்கள் ஒரு சத்தம். செயலாளர் அறையில் எதுவோ கீழே விழுந்தது. தம்பி துடைப்பத்தை நழுவ விட்டான்.

"அடிப்பாவி, இத்தன நாளா இத எங்க வெச்சிருந்த?" என்றாள் வெடி.

ஊமை தோளைக் குலுக்கினாள்.

குரல் பிரச்சினை தீர்ந்தது. கழுத்துப் பிரச்சினை தீரவில்லை. ஊமை கத்த, கொக்கு திரும்பினாள்.

"எதுக்குடி திரும்பற?"

"இல்லக்கா, ஊமைதானான்னு ஒரு..."

"ஊமை இல்லாம உன் மாமியாரா வந்து நிப்பா?"

"சரியாக் குடுப்பாளான்னு ஒரு பயம்."

"குடுக்கறது அவ வேல. அத நீ ஏன் செய்யற? இங்க பாரு. யாரு கூப்பிட்டாங்கன்னு உனக்கு வேண்டாம். ஏன் கூப்பிட்டாங்கன்னு வேண்டாம். 'இந்தா'ன்னு காதுல விழுந்தா கை பின்னால, கால் முன்னால. எமனே கட்டையோட வந்தாலும் வாங்கிட்டு ஓடு."

மறுபடி. மறுபடி. கட்டை விழுந்து உருண்டது. மறுபடி. உள்ளங்கைகள் சிவந்தன. சிட்டுக்கு முழங்கை தேய்ந்தது, எச்சிலைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள். கோச்சக்கா பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒவ்வொரு முறையும் கையைத் தட்டினாள், அவ்வளவுதான். பத்துக்கு நாலு தடவை கொக்கு திரும்பாமல் ஓடினாள். அப்புறம் பத்துக்கு ஆறு. அது போதாது. தேர்வாளருக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான்.

வாசற்கதவு நடையின் பக்கவாட்டில், கொக்கு நிற்கும் கோட்டுக்கு ஓரடி பின்னால் இருந்தது. ஊமை பின்னால், தூரத்து முனையில் பாதத்தைக் கோணிச் சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தாள். கோச்சக்கா இன்னும் கையைத் தட்டவில்லை. கொக்கு மெத்தைகளைப் பார்த்தபடி, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து நின்றாள்.

கதவு திறந்தது. சாரலோடு தேர்வாளர் நிலைப்படியில் நின்றார். பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ள வரல மேடம், நேரமில்ல. தாளக் குடுத்தா கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பறேன்." பேனாவை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. குடையை மடக்கி, எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பெண்ணிடம் நீட்டினார். "இந்தா, இதக் கொஞ்சம் பிடி."

'இந்தா'வுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் கொக்கின் காதில் ஏறவில்லை. கை பின்னால் போனது. விரல்கள் விரிந்தன. குடையின் நடுத்தண்டு உள்ளங்கையில் விழுந்ததும் அவள் அங்கே இல்லை. தண்ணீர்த் துளிகள் மட்டும் ஒரு கோடாகத் தரையில் கிடந்தன. தலை ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. கழுத்து கம்பி மாதிரி நின்றது. மீதி நடை முழுக்கப் பறந்து மெத்தையில் போய் மோதி, அதற்கப்புறம்தான் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அக்கா! இது கட்ட இல்லக்கா!"

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். செயலாளர், எதையும் பார்க்காதவர், கதவை முழுசாகத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. குடை இல்லாத தன் கையைப் பார்த்தார். தரையில் இருந்த ஈரக் கோட்டைப் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"இந்தப் பொண்ணு எப்பவுமே இப்படித்தானா? திரும்பவே மாட்டாளா?"

எப்பவும் இல்லை. இதுதான் முதல் முறை இவ்வளவு சுத்தமாக வந்தது. கோச்சக்கா பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை.

"நாலு பேரும் ஓடறாங்க. நீங்களே பாருங்க சார்."

"ஜீப் நிக்குது மேடம்."

"நிக்கட்டும். ஜீப் நனைஞ்சா ஜுரம் வராது."

"என் குடை?"

"அந்த முனைல இருக்கு. ஓடி முடிச்சதும் அவளே கொண்டாந்து குடுப்பா. இந்த மழைல குடை இல்லாம எப்படிப் போவீங்க?"

வெளியே ஹாரன் அடித்தது. தேர்வாளர் அந்தப் பக்கம் ஒரு தடவை, கொக்கு பக்கம் ஒரு தடவை பார்த்தார். டிரைவரைப் பார்த்து இரு என்று கையைக் காட்டினார்.

"ஷூவக் கழட்டிடுங்க சார். தரை வழுக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே குனிந்து கயிற்றை அவிழ்த்தார். ஈரக் காலோடு ஓரடி உள்ளே வைத்தார், இன்னோர் அடி வைத்தார். கோச்சக்கா அவர் முதுகுக்குப் பின்னால் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் திருகினாள்.