வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

நிரம்பிய வாளியைப் பட்டறை நடுவில் வைத்துவிட்டு ராமாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் துடைப்பம். வெள்ளிக்கிழமை. சுக்ரவார்பேட்டைச் சந்தில் மற்ற வாசல்களெல்லாம் ஈரமாகக் கிடந்தன.

"வாளிய எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க அம்மணி? கழுவக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள் காளியாத்தாள். நூல் மில்களுக்குப் போகும் தெர்மாமீட்டர் குழாய்களில் பாதரசம் ஏற்றுகிறவள் அவள்.

"பழக்கதோசங்க்கா."

பழக்கந்தான். கணவர் சுந்தரராஜுலு இந்தப் பட்டறையைத் தொடங்கிய நாளிலிருந்து, வெள்ளிதோறும் சாமி படத்துக்கு விளக்கேற்றுமுன் மஞ்சள் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவித் தள்ளுவார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதை விடவில்லை. உடைந்த குழாய்களிலிருந்து சிந்திய பாதரசம் சிமெண்டு வெடிப்புகளில் பதுங்கியிருக்கும். தண்ணீர் பட்டதும் மணிமணியாக உருண்டு, வாசல் தொட்டி வழியே ஊர்ச் சாக்கடைக்குள் இறங்கிவிடும். லட்சுமி உள்ளே வரட்டும் என்று கழுவியவள், வெளியே எதை அனுப்புகிறோம் என்று யோசித்ததே இல்லை.

கண்டுபிடித்தவர் பாலுசாமி. பாதரசம் புழங்கும் பட்டறைகளின் கழிவுநீரை மாதாமாதம் சோதிக்க வேண்டும் என்று தொண்ணூற்றாறில் உத்தரவு வந்தபோது, சைக்கிளில் பாட்டில்கள் கிணுகிணுக்க வந்து இறங்கிய மாநகராட்சிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இல்லை. இரும்புக் கொக்கியால் தொட்டியின் மூடியைத் தூக்கி, கயிற்றில் பாட்டிலை இறக்குவார். முதல் தடவை புதன்கிழமை வந்தார், குறையில்லை. அடுத்த மாதம் ஒரு வெள்ளியில் வந்தார், பாதரச அளவு எங்கேயோ ஏறிப்போயிருந்தது.

"தண்ணி ஊத்தாதீங்க அம்மணி. அட்டையில ஒதுக்கி சீசாவுல அள்ளி வெச்சிருங்க" என்றார் அன்று. "இந்தத் தண்ணி உக்கடத்துக்குப் போகுது. அங்க இதுலதான் புல்லு வளக்கறாங்க. அதத் திங்கற மாட்டுப் பாலுதான் நீங்க எனக்குக் குடுத்த இந்த டீ."

"அப்ப டீ வேண்டாங்களா?"

"நான் அப்படிச் சொல்லலீங்களே" என்று டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ராமாமணி சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு, உள்ளே வேறு யாராவது வந்துவிட்டார்களோ என்று தானே திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர் வெள்ளிகளில்தான் வந்தார். எந்த வெள்ளி என்று சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் அவள் எல்லா வெள்ளியும் இஞ்சி தட்டி வைத்தாள். வராத வெள்ளிகளில் அந்த இஞ்சி வாடி, மறுநாள் குழம்புக்குப் போகும். ஏன் சோறு இறங்கவில்லை என்று அவளைக் கேட்க வீட்டில் ஆள் இல்லாதது அப்போதெல்லாம் ஒரு நிம்மதி.

போன மாதம் கிளம்பும்போதுதான் சொன்னார்: "தொடந்து ரெண்டு தடவ சுத்தமா வந்திருச்சுங்க. இன்னொருக்கா அப்படியே வந்துட்டா அப்புறம் வருசத்துக்கு ஒருக்காத்தான். உங்களுக்குத் தொந்தரவு உட்டுதுங்க."

இது மாதக் கடைசி வெள்ளி. வாளி எதிரில் இருக்கிறது. ஒரு வீச்சு வீசினால் போதும், அவர் மாதாமாதம் வருவார். பட்டறையை உடனே மூடிவிட மாட்டார்கள், எச்சரிக்கைதான் கொடுப்பார்கள். யாருக்குத் தெரியப்போகிறது? துடைப்பத்தைக் கை இறுக்கிப் பிடித்தது. உக்கடத்துப் புல் நினைவுக்கு வந்தது. அதைவிட, அந்த டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

"ஊத்தறதுன்னா ஊத்துங்க, எடுக்கறதுன்னா எடுங்க" என்றாள் காளியாத்தாள், தலையைத் தூக்காமல். "நடுவுல வெச்சா நான்தான் தடுக்கி உழுகோணும்."

ராமாமணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்புறத்துப் பொடக்காளிக்குப் போய் முருங்கை மரத்தடியில் மொத்தமாகக் கவிழ்த்தாள். மண் சட்டென்று குடித்துவிட்டது.

பத்து மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும் சைக்கிள் மணி கேட்டது.

"உங்க ஆபீசர் வந்தாச்சுங்க" என்றாள் காளியாத்தாள்.

பாலுசாமி மூடியைத் தூக்கி, பாட்டிலை இறக்கி ஏற்றி, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"பாத்தாத் தெரியுங்களா?" என்றாள்.

"இதுல தெரியாதுங்க. தேறிட்டமா இல்லையான்னு பட்டறைக்காரங்க மொகத்துலதான் தெரியும்." பாட்டிலைத் தாழ்த்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "உங்களது தேறுன மொகமாவே இல்லீங்களே. கழுவிப்போட்டீங்களா?"

"இல்லீங்க."

"நெசமா?"

"நெசமாத்தானுங்க. ஒரு சொட்டு ஊத்தலீங்க."

அவர் தலையை ஆட்டினார். நல்ல செய்தியைக் கேட்டவர் ஆட்டுவது போல இல்லை அது. டீயை வாங்கி ஆறும்வரை குடித்தார், ஆறிய பிறகும் குடித்தார்.

"அடுத்த வருசம் நீங்கதான் வருவீங்களா?"

"யாரப் போடறாங்களோ. வேற வார்டுக்கு மாத்துனாலும் மாத்திப்போடுவாங்க." டம்ளரைத் திண்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "ஒண்ணு சொல்லோணும்னு…"

"சொல்லுங்க."

"இஞ்சி நல்லா இருந்துச்சுங்க."

மூடியைத் தள்ளிப் பொருத்தினார். பாட்டிலைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். வாரேனுங்க என்றார். வருகிறேன் என்று சொல்லித்தானே எல்லோரும் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் வாசற்படியில் நின்றாள்.

டம்ளரை எடுக்க வந்த காளியாத்தாள்தான் பார்த்தாள். சுவரில் சாய்த்தபடி இரும்புக் கொக்கி. நுனியிலிருந்து கறுப்புத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவரு கொக்கிய உட்டுப்போட்டுப் போறாரு. அதில்லாம அடுத்த மூடிய எப்படித் தூக்குவாரு? ஒரு சத்தம் குடுக்கட்டுங்களா?"

ராமாமணி சந்து முனையைப் பார்த்தாள்.

"தூரம் போயிட்டாருக்கா."

காளியாத்தாளும் முனையைப் பார்த்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அங்கே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பாலுசாமி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திக் குனிந்திருந்தார். செயின் கழன்றிருந்ததோ என்னவோ, மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பின்சக்கரம் தரையில் படாமல், நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.