சாக்பீஸ் கோடும் மூன்று தையலும்

வயிறு வலிக்கிறது என்று நான் சொன்னால், தையல் கடையில் முதலில் சிரிப்பவள் என் நாத்தனார்தான். இருநூறு சீருடைகள் தைக்காமல் கிடந்தன. "வேலை வந்தா போதும், இவளுக்கு வலியும் வந்துடும்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே என் மானத்தை வாங்கினாள். அந்த நாக்கை நறுக்க என் கத்தரி போதாது.

இரண்டு மாதமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். முதல் டாக்டர் கேஸ் என்றார். அடுத்தவர் அல்சர் என்றார். ஸ்கேன் எடுத்தவர் பித்தப்பையையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை நாத்தனார் கடைச் சுவரில் ஒட்டாத குறைதான்.

எனக்குத் தெரிந்தது அளவெடுப்பது ஒன்றுதான். வலிக்கும் இடத்தை அழுத்திப் பார்த்து, துணிக்கு வைப்பதுபோல் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். எத்தனை நாள் வைத்தாலும் புள்ளிகள் ஒரே கோட்டில்தான் நின்றன: தொப்புளிலிருந்து மேலே, சற்று வலப்பக்கம் சாய்ந்து, விலா வரை.

"உன்னையே வெட்டித் தைக்கப் போறியா?" என்றாள் நாத்தனார்.

கடைசியாகப் பார்த்தது ஒரு பெண் சர்ஜன். 'ஒன்றுமில்லை' என்பதை டாக்டர் வாயாலேயே கேட்டு என் கணவரிடம் சொல்ல, நாத்தனாரும் கடையிலிருந்து அப்படியே கூட வந்தாள். என் வயிற்றிலிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்து சர்ஜன் சிரிக்கவில்லை. அதன் வழியே விரலால் அழுத்திக்கொண்டே போனார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வயித்துல இருக்கற குழந்தைக்கு, தொப்புள்லேர்ந்து ஈரலுக்கு ரத்தம் போற வழி இது. பொறந்தப்புறம் வத்தி, வெறும் நாராயிடும். அதுல சீழ் பிடிக்கறது ரொம்ப அபூர்வம், அதனால யாரும் அங்க தேடறதில்ல. சி.டி. ஸ்கேன் எடுத்தாதான் உறுதியாத் தெரியும். உடம்பு இளைச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கா" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

நான் போட்டிருந்த சட்டையின் பக்கத் தையலைத் திருப்பிக் காட்டினேன். முதல் தையலைத் தாண்டி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இன்னும் மூன்று வரிசை.

"ரெண்டு மாசத்துல லூசாகி லூசாகி மூணு தடவை பிடிச்சுத் தைச்சது டாக்டர். இவங்கதான் பிடிச்சாங்க, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்துட்டு."

சர்ஜன் நாத்தனாரைப் பார்த்தார். அவள் கழுத்தில் அளவு டேப் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

சி.டி.யில் அந்த நார் நெடுகச் சீழ் தெரிந்தது. அன்றைக்கே ஆபரேஷன் என்றார்கள். நர்ஸ் சம்மதத் தாளைக் கொண்டுவந்ததும் நாத்தனார் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"என் கை நல்லாத்தான் இருக்கு" என்று பேனாவை நான் வாங்கிக்கொண்டேன்.