பதினாலாம் மேஜை மட்டி

குப்பன் செய்தது ஒரே ஒரு தப்பு. சேலையூர் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் சேற்றைத் துழாவி, இருபது மட்டிச் சிப்பிகளைப் பொறுக்கி வந்தானே, அவற்றை ஏரித் தண்ணீரிலேயே விட்டிருக்கலாம். மறுநாள் பரீட்சைக்கு வெளியூர்த் தேர்வாளர் வருகிறார், சேற்று வாடை அடித்தால் கல்லூரிக்கு என்ன மரியாதை என்று குழாய்த் தண்ணீர் மாற்றி வைத்தான். கல்லூரியின் குழாய்த் தொட்டியில் அன்றைக்குத்தான் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார்கள். இந்த மனுஷனுக்கு இந்தச் சுத்தம் தேவையா, சொல்லுங்கள்!

காலையில் வந்து பார்த்தால் ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. மற்றவை விரல் பட்டதும் இறுக மூடிக்கொண்டன. இதைத் தட்டினான், உலுக்கினான், அசையவில்லை. மட்டி உயிரோடு இருக்கும்வரை முன்னும் பின்னும் உள்ள இரண்டு தசைகள் ஓட்டை இழுத்துப் பிடித்திருக்கும். செத்தால் பிடி விட்டுவிடும், ஓடு தானாகத் திறந்துகொள்ளும். பதினோரு வருஷமாக விலங்கியல் லேப் அட்டெண்டராக இருப்பவனுக்கு இது தெரியாதா? செத்த மட்டியில் நரம்பு கூழாகிவிடும். பரீட்சையே அந்த நரம்பைப் பிரித்துக் காட்டுவதுதான்.

இருபது பேருக்கு இருபது மட்டி. துறைத்தலைவர் வேதாசலத்தின் அறையில், கண்ணாடித் தொட்டியில் இன்னொன்று இருந்தது. அவர் ஆசையாக வளர்ப்பது. கேட்டால் எதற்கு என்பார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகப்போகிற நேரத்தில் யார் போய் வாயைக் கொடுப்பது? திறந்து கிடப்பது தெரியாமலிருக்க எல்லா மட்டிகளையும் வெள்ளை நூலால் கட்டினான், செத்ததையும் சேர்த்து. அதை மூலையில் பதினாலாம் மேஜையில் வைத்தான்.

பத்து மணிக்கு மாணவர்கள் மேஜைக்குச் சீட்டு எடுத்தார்கள். யார் தலையில் விடியுமோ என்று குப்பன் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக வந்தவள் கனகவல்லி, அவன் மகள். நேராகப் பதினாலுக்குப் போய் நின்றாள்.

அடப்பாவி! பெற்ற பெண்ணுக்கா வைத்தேன்!

நூலை அறுத்தாள். மற்ற மேஜைகளில் கத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டி தானாகவே திறந்தது. வாடை அடித்திருக்க வேண்டும். நிமிர்ந்து அப்பனைப் பார்த்தாள். சொன்னால் அவன் வேலை போகும், சொல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போகும். குனிந்து கத்தரியை எடுத்தாள்.

குப்பனால் தாங்க முடியவில்லை. வேதாசலத்திடம் ஓடினான்.

"சார்! அது செத்துப்போனது சார். நான்தான் நூல் கட்டி வச்சேன். உங்க ரூம்ல ஒண்ணு கீதே, அத்த குடுங்க சார். பொண்ணு மேல தப்பில்ல."

வேதாசலத்துக்கு முகம் சிவந்தது. உள்ளே போனார். சொட்டச் சொட்ட அந்த மட்டியைக் கொண்டுவந்து பதினாலாம் மேஜையில் வைத்தார்.

"வெளிய போ குப்பா. நாளைலேர்ந்து வரவேணாம்."

"நீ போ நைனா," என்றாள் கனகவல்லி. "நான் பாத்துக்கறேன்."

வராந்தா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றான். மட்டி இறுக மூடியிருந்தது. பின்தசைக்கு அடியிலேயே நரம்பு முடிச்சு. கத்தி கொஞ்சம் பிசகினாலும் போச்சு. அவள் ஓட்டை ஒட்டியே கத்தியை நுழைத்தாள். ஓடு திறந்தது. அரை மணி நேரம் கழித்து வெள்ளை நரம்பு எடுப்பாகத் தெரிய ஒரு துண்டு கறுப்புக் காகிதத்தை அதன் அடியில் செருகிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

தேர்வாளர் குனிந்து பார்த்து மார்க் போட்டார். அவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்த பிறகுதான் அவள் அழுதாள்.