ஒற்றை மீசை மேனேஜர்

மாப்பிள்ளையும் பேத்தியும் நீச்சல் குளத்தில் இறங்கிய பிறகுதான் அவர் மகளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு காட்டணும். வா."

"என்னது?"

"வந்துதான் பாரேன்."

ஆறு வருடம் கழித்து வந்திருக்கிறாள். வீட்டுக்கு வர மாட்டேன் என்றதால், இந்தக் கடற்கரை விடுதியில் இரண்டு அறைகள் எடுத்தார். வந்ததிலிருந்து அவரிடம் அவள் பேசியது நாலைந்து வார்த்தை. நாளைக் காலையில் கிளம்பிவிடுவாள். அதற்குள் ஒரு தடவை பழையபடி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போதும். அதற்காகத்தான் இந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தார். அது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

வரவேற்பறைக்குப் பின்னால் மீன் காட்சியகம். உள்ளே குளிராக இருந்தது. தரையில் ஈரத் துடைப்பத்தின் தடம் காயவில்லை. முதல் தொட்டியை அவர் விரலை மடக்கித் தட்டினார்.

"அப்பா, தட்டக்கூடாதுன்னு போர்டு இருக்கு."

"கண்ணாடியான்னு பார்த்தேன். அக்ரிலிக். அரை அடி கனம் இருக்கும்."

"கடைய மூடியும் கை சும்மா இருக்குதா பாரு."

முப்பது வருடம் கண்ணாடிக் கடை வைத்திருந்த கை. அவள் கிண்டல் செய்தது அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தார்.

கடைசித் தொட்டியில் ஒரே மீன். ஒரு கை நீளம், வெள்ளிச் செதில். நீர்மட்டத்தை ஒட்டி, ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அரோவானா வகை மீனுக்குத் தாடையில் இரண்டு மீசை இருக்கும். இதற்கு இடப்பக்கம் இல்லை.

"மேனேஜர்" என்றாள் மகள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில், விரல் நீளக் குஞ்சாக வந்தது. வேலை எதுவும் செய்யாமல் மீசையோடு குறுக்கும் நெடுக்கும் நடப்பதால் அந்தப் பெயர் வைத்தாள். அது வளர வளர அவர் தன் கையாலேயே மூன்று தொட்டிகள் செய்தார். அவருக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது, மீனைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

"எப்படி இருக்கான் பார்த்தியா! நான்தான் குடுத்தேன். இவங்களே வண்டியில வந்து தூக்கிட்டுப் போனாங்க."

"எப்போ?"

"நீ வீட்டை விட்டுப் போன அந்த மாசமே."

"செத்துப்போச்சுன்னு போன்ல சொன்னீங்க."

அந்தப் பேச்சு வரும் என்று அவர் யோசிக்கவே இல்லை. மீன் உயிரோடு இருக்கிறது, அதைக் காட்டலாம் என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது.

"கோபத்துல ஏதோ சொல்லிட்டேன்மா."

"பட்டினி கிடந்து செத்துச்சுன்னீங்க. உன்னாலதான்னீங்க."

"மூணு நாள் சாப்பிடல. அது நிஜம்."

"அப்புறம்?"

"நாலாம் நாள் சாப்பிட்டுச்சு."

அவள் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் பாப்பா மீன் வேணும்னு அழுதா. நம்ம கையில தங்காதுடின்னு சொன்னேன். அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

"தொட்டி?"

"பிரிச்சுட்டேன். ஒரு பல் டாக்டர்கிட்ட அலமாரித் தட்டா இருக்கு."

அவள் சிரித்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் மோதிரத்தால் தொட்டியை இரண்டு தடவை தட்டினாள். முன்பெல்லாம் இரை போடும்போது அப்படித்தான் தட்டுவாள். அந்தச் சத்தத்துக்கு மீன் பாய்ந்து வரும். இப்போது அது பாட்டுக்குப் போனது.

"கனம் ஜாஸ்தி. சத்தம் உள்ள போகாது, அதான்."

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கீங்கப்பா."

வாசலில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. மேனேஜர் கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி. செத்தது பொய்னா, யாரு பொய் சொன்னாங்கன்னு கேப்பா."

பேத்தி துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். தொட்டியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"அம்மா! இதுக்கு ஒரு பக்கம்தான் மீசை! தாத்தா, இது மேனேஜரா?"

மகள் திரும்பவில்லை.

"இல்லடா கண்ணு."

"ஆமால்ல. மேனேஜர்தான் செத்துப்போச்சே. சாப்பிடாம இருந்து செத்துப்போச்சு. உங்களுக்குத் தெரியும்தானே தாத்தா?"

மீன் சுவர்வரை போய்த் திரும்பியது.

"தெரியும்" என்றார்.