ஆட்டுக்கால் படம்

தோல் ஊறும் டிரம்முக்குப் பெல்ட் மாட்டி முடித்த லோகநாதன், இடது கையை என் முன்னால் நீட்டினான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகத்தை ஒட்டித் தோல் வெடித்து, உள்ளே சதை ஈரமாகத் தெரிந்தது.

"இன்னா பாய் இது? ரெண்டு மாசமா ஆறல."

ஆம்பூர் டேனரியில் இருபது வருடம் தோல் பதனிடும் குரோம் தண்ணீரில் கை நனைத்தவன் நான். என் விரல்களில் அந்தத் தழும்பு ஏழு இருக்கிறது. பார்த்ததும் சொல்லிவிட்டேன், பெரிய டாக்டர் என்ற நினைப்பில்.

"குரோம் புண்ணுபா. எங்க எல்லாருக்கும் வர்றதுதான். தேங்காண்ணெ தடவு, போய்டும்."

அவன் முகம் தெளிந்தது.

லோகநாதன் குடியாத்தம் நெசவுக்காரர் மகன். வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டேனரி மோட்டார்களைப் பார்க்க வருவான். மற்ற ஆறு நாளும் அவனுக்கு ஒரே பைத்தியம்தான். சாதாரண எக்ஸ்ரே படத்தில் விலா எலும்பு குறுக்கே விழுந்து நுரையீரலை மறைக்கும். தறியில் ஒரு மிதிபலகை இறங்கினால் மற்றது ஏறுகிற மாதிரி, எக்ஸ்ரே குழாய் ஒரு பக்கமும் பிலிம் எதிர்ப் பக்கமும் நகர்ந்தால், நடுவில் ஓர் அடுக்கு மட்டும் தெளிவாக விழும், மற்றதெல்லாம் கலங்கிப்போகும் என்பான். சீமையில் அந்த மிஷின் இருந்தது. இங்கே வாங்க வழியில்லை. இவன் சைக்கிள் செயினையும் பழைய இரும்புக் கட்டிலையும் வைத்து இரண்டு வருடத்தில் செய்தான். ஒவ்வொரு திருகை மாற்றியதும் கதிர் சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தன் கையையே குறுக்கே வைப்பான். வலது கையில் ஸ்பேனர் இருக்கும். அதனால் எப்போதும் இடது கை.

அந்தக் கட்டிலில் முதலில் படுத்த நோயாளி நான்தான். அவனுக்குத் தேங்காண்ணெ சொல்லி நான்கு மாதம் கழித்து எனக்கு இருமலில் ரத்தம் வந்தது. சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. லோகு எடுத்த ஐந்து படங்களில் நான்காவதில் விலா எலும்புகள் மறைந்துபோய், வலது நுரையீரல் உச்சியில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஓடிவந்த டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஆறு மாசம் சார். குரோம் புண்ணு."

"யார் சொன்னது?"

நான் கட்டிலில்தான் படுத்திருந்தேன். லோகு என் பக்கம் திரும்பவேயில்லை.

"யாரும் இல்ல சார். நானே நெனச்சிக்கினேன்."

எனக்குக் காசநோய் ஊசி போட்டார்கள், பிழைத்தேன். அவனுக்கு எக்ஸ்ரே கதிர் சுட்ட புண் புற்றாகிவிட்டது என்று மூன்று விரல்களை எடுத்தார்கள். "முன்னாடியே காட்டியிருந்தா ஒரு விரலோட போயிருக்குமாம், அண்ணே" என்றாள் அவன் மனைவி அம்சவேணி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். யார் கெடுத்தது என்று அவளுக்குத் தெரியாது.

கட்டுப் பிரித்த வாரமே லோகு மிஷினுக்குத் திரும்பினான். இந்த முறை வலது கையை வைக்கிறான் என்று கேள்விப்பட்டு, பக்ரீதுக்கு அறுத்த ஆட்டின் காலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

"இத வை, லோகு."

பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எலும்பு, சதை, எல்லாம் இருக்கு. இது எனக்குத் தோணவேயில்லியே, பாய்."

படம் எடுத்தான். கழுவிய பிலிமைக் கம்பியில் மாட்ட அவனால் இடது கையைத் தூக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு என் விரல்களைப் பிடித்துத் தன் இடது கக்கத்தில் வைத்தான். உள்ளே புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒன்று, நகராமல் இருந்தது.

"சும்மா நெறி கட்டிருக்குது. இல்ல பாய்?"

அதே முகம். தெளிவதற்குக் காத்திருந்தது.

ஆணியிலிருந்து அவன் சட்டையை எடுத்து விரித்துப் பிடித்தேன். அவன் கையை நுழைக்காமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஆட்டுக்கால் படத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், எப்போதோ காயப்போட்டு எடுக்க மறந்த ஒரு பழைய படம். ஐந்து விரல்களோடு, ஓர் இடது கை.